சொல்லாமல் விட்ட இரண்டு வருடம்

சுரங்கத்து முதல் ஷிப்ட் பஸ் போன பிறகுதான் திலகவதி மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவாள். குவார்ட்டர்ஸ் தெருவில் அப்போது ஆள் நடமாட்டம் குறைவு. ஐந்து வயது இளவேனில் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பதை யாராவது பார்த்துக் கேட்டுவிட்டால், "செருப்பு கடிக்குதுங்க" என்று திலகவதி சொல்லிவிடுவாள்.

பிறந்த ஆறாம் மாதமே குழந்தையின் இடது இடுப்பு மூட்டு நழுவியிருப்பது தெரிந்து, புதுச்சேரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த அன்று, "வளர்ற வரைக்கும் அப்பப்ப எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும். விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். மூன்று வயது வரை போய்வந்தார்கள். குழந்தை ஓடத் தொடங்கியதும், சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையிலிருந்த அவள் கணவன் சிவசங்கர் நிறுத்திவிட்டான்.

"பொம்பளப் புள்ள. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினே அலைஞ்சா, நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்? நல்லாத்தான ஓடுது!"

இந்த வருடம் படி ஏறும்போதெல்லாம் இளவேனில் வலியில் அழுதாள். வேறு வழியின்றி மறுபடி புதுச்சேரிக்குப் போனார்கள்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தார். வலது பக்கம் இடுப்பெலும்பின் குழி, தொடையெலும்பின் பந்துபோன்ற தலையைக் கிண்ணம்போல் மூடிப் பிடித்திருந்தது. இடது பக்கக் குழி தட்டுபோல் சரிந்து கிடந்தது.

"பந்து சரியா உக்காந்தாத்தான் கிண்ணம் குழிவா வளரும். இங்க வளரல. இடுப்பெலும்போட வடிவமே மாறிடுச்சு. இனிமே எலும்பை வெட்டித்தான் திருப்பி வைக்கணும். ரெண்டு வருஷம் விட்டுட்டீங்களே!"

சிவசங்கர் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டான்.

ஆபரேஷன் முடிந்து, இடுப்பிலிருந்து கால்வரை கட்டோடு மகளை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அப்போதும் அக்கம்பக்கத்தில், சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள் என்றே சிவசங்கர் சொல்லிவைத்தான்.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு உமாராணி தன் நான்கு மாதப் பெண் குழந்தையோடு வந்தாள்.

"துணி மாத்தறப்ப இவளுக்கு ஒரு காலு விரியவே மாட்டேங்குதுக்கா. எண்ணெய் தேச்சா சரியாயிடும்ங்கறாங்க எங்க மாமியார். ஒங்க பாப்பாவுக்கு நெசமாவே சைக்கிள்லதான் அடிபட்டுச்சா?"

திலகவதி கணவனைப் பார்த்தாள். கட்டுக்குள் அரிப்புத் தாங்காமல் இளவேனில் முனகிக்கொண்டிருந்தாள். அவன் மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இல்லம்மா, நான் சொன்னது பொய்யி" என்றான். "பொறந்ததுலேருந்தே இடுப்புல கோளாறு. ஊரு வாய்க்குப் பயந்து, எம்புள்ள எலும்பக் கோணலா வளர வுட்டுட்டேன். புள்ளையோட நோவ மறைச்சா நோவுதான் வளரும். நாளைக்கே ஒங்க பாப்பாவத் தூக்கிக்கினு புதுச்சேரிக்குக் கெளம்புங்க. நானே கூட வரேன்."