கண்டோஸ் நேர்த்தி

என் மனைவி வேரோனிக்கா ஏழு வருடமாகக் கண்டோஸ் சாப்பிடுவதில்லை. சீனி வருத்தம் ஒன்றும் கிடையாது. அந்தோனியாரோடு ஓர் ஒப்பந்தம்.

கண்டோஸ் என்றால் சொக்லேட். சரியாகச் சொன்னால், அது ஊரில் சொக்லேட் விற்ற ஒரு கொம்பனியின் பெயர். எங்கள் பக்கத்துக் கடைகளில் வேறு சொக்லேட் பெரிதாகக் கிடைக்காததால் எவன் செய்த சொக்லேட்டும் எங்களுக்குக் கண்டோஸ்தான். நான் ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடமாகியும் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரில் அவளுடைய தம்பி நீக்கிலாஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. அந்த வருடம் பிடிக்கிறவர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயது. வேரோனிக்கா அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று, "தம்பியை உயிரோட கொண்டுவந்து தந்தால் நான் சாகுமட்டும் கண்டோஸ் வாயில வைக்கமாட்டன்" என்று நேர்ந்தாள். பதினோராம் நாள் நீக்கிலாஸ் நடந்து வந்து சேர்ந்தான். காலில் செருப்பில்லை. மற்றபடி முழுதாக வந்தான்.

"பாவக்காயை நேர்ந்திருக்கலாமே" என்று கலியாணமான புதிதில் கேட்டுப் பார்த்தேன்.

"அந்தோனியாருக்கென்ன விசரோ?" என்றாள்.

உலகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த சாமான் கண்டோஸ். பிடிக்காத ஒன்றைக் கொடுத்துத் தம்பியைக் கேட்க முடியாது என்பது அவளுடைய நியாயம்.

அந்தோனியார் மீட்டுக் கொடுத்த நீக்கிலாஸ் இப்போது பார்க்டேலில் இருக்கிறான். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிறான். கோயில் வாசற்படி மிதிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைடில் இருக்கும் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு வந்து, இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு, சோஃபாவில் காலை நீட்டிக்கொண்டு சொக்லேட் தின்பான். வேரோனிக்காதான் வாங்கி வைப்பாள். அவனுடைய உயிருக்காக அவள் விட்ட பொருளை, அவள் கண்ணுக்கு முன்னாலேயே அவன் சப்பித் தின்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

வேரோனிக்காவுக்குக் கோழிக் கொம்பனியில் வேலை. நாலு பாகைக் குளிரில் எட்டு மணித்தியாலம் நின்று கோழித் தொடைகளைத் தட்டில் அடுக்க வேண்டும். தொண்ணூற்றேழாம் ஆண்டு கார்த்திகை மாதம் அவளுடைய விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிட்டேன். இன்னும் இரண்டு வருடம் அந்தக் குளிரில் நின்றால் கை பிறகு சரிவராது என்று டொக்டர் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் நீக்கிலாஸ் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உபயோகமான செய்தியோடு வந்தான். அவன் பீட்சா கொடுக்கப் போகும் தெருவில் ஒரு சிறிய சொக்லேட் கடை. ஹங்கேரிக்காரி ஒருத்தி, பெயர் இலோனா, கையாலேயே எல்லாம் செய்து விற்கிறாள். நத்தார்ப் பண்டிகை நெருங்குகிறது, பின் அறையில் பானை பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

"என்ர அக்கா நல்லாச் சமைப்பா எண்டு சொன்னனான்" என்றான் நீக்கிலாஸ். "சனிக்கிழமை வீட்டில செய்த ட்ரஃபிள் ரெண்டு டசின் கொண்டு வரட்டாம்."

"அவ்வளவுதானோ?" என்று கேட்டேன்.

"அந்த மனுசியும் அக்காவும் இருந்து சாப்பிடுவினமாம். எதில என்ன பிழை எண்டு அக்கா சொல்லோணுமாம். தன்ர கையால செய்ததைத் தான் ருசி பார்க்காதவளைப் பானைக்குக் கிட்டவும் விடமாட்டாவாம்."

இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தவனுக்கு, அக்கா ஏன் கண்டோஸ் தின்பதில்லை என்ற ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை. வேரோனிக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த அறையில் எவ்வளவு குளிர் என்று மட்டும் கேட்டாள். சொக்லேட் இருக்கிற இடம், பதினெட்டுப் பாகைக்குக் குறைய விடமாட்டார்கள் என்றான். பதினெட்டு என்று அவள் இரண்டு மூன்று தரம் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். ட்ரஃபிள் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நல்ல கறுத்தச் சொக்லேட்டைப் பொடியாக வெட்ட வேண்டும். கிறீமைச் சூடாக்கி அதன்மேல் ஊற்றிக் கரைக்க வேண்டும். பிறிட்ஜில் வைத்து, இறுகியதும் உருட்டிக் கொக்கோத் தூளில் பிரட்டினால் சரி. கிறீமின் ஓரத்தில் சின்னக் குமிழி வந்தவுடன் இறக்கும்படி புத்தகத்தில் இருந்தது. வேரோனிக்காவின் வீட்டில் பால் பொங்காமல் அடுப்பை விட்டு இறங்கியதில்லை. பொங்கவிட்டாள். அதை ஊற்றியும் மனம் ஆறாமல், சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றிக் கிளறினாள்.

"இஞ்சருங்கோ, எண்ணெய் மிதக்குது. பதம் வந்திட்டுது!" என்று சந்தோசமாகக் கூப்பிட்டாள்.

இறைச்சிக் கறிக்கு அது பதம்தான். நான் புத்தகத்தைப் பார்த்தேன். ட்ரஃபிளுக்கு அது சாவு என்று படம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். "நல்லா இருக்கு" என்றேன். கலியாணம் கட்டி ஐந்து வருடத்தில் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லப் பழகிய வசனம் அது ஒன்றுதான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டியோடு குப்பையில் கொட்டினாள்.

புதன்கிழமை செய்தது இறுகி வந்தது. உருட்டும் வேலையை அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பயத்தம் பணியாரம் உருட்டிய கை. கை சூடாக இருந்தால் உருண்டை உருகிவிடும், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள் என்று புத்தகம் எச்சரித்தது. அவளுடைய கைக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. கோழிக் கொம்பனி அவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அந்தக் குளிர்தான்.

ஆனால் விரலில் ஒட்டியதை நக்குவதற்கு அந்தக் கை தானாகவே வாயை நோக்கிப் போகும். பாதி வழியில் ஞாபகம் வந்து நிற்கும். துவாயில் துடைப்பாள். மறுபடி போகும். எண்ணினேன், ஒரு தட்டு உருட்டி முடிப்பதற்குள் பதினாலு தரம். எனக்கு அவளைப் பார்க்க அழுகை வந்தது. அந்தோனியார் மேல் கோபம் வந்தது.

வியாழக்கிழமை நான் வழக்கை எடுத்தேன்.

"நீ நேர்ந்தது எதை?"

"கண்டோஸை."

"கண்டோஸ் ஒரு கொம்பனியின்ர பேர். உது அந்தக் கொம்பனி செய்ததோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

"பேரைப் பார்த்து விடுறதுக்கு அந்தோனியார் என்ன லோயரோ?"

"அவர் போர்த்துக்கலில பிறந்த மனுசன். உங்கட ஊர்க் கதை அவருக்கு விளங்காது. நீ கண்டோஸ் எண்டு சொன்னால் கண்டோஸ் எண்டுதான் எழுதி வைச்சிருப்பார்."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமிக்குப் போன் எடுத்தாள். மனச்சாட்சி சொல்லுகிறபடி நடவுங்கள் என்று அவர் சொன்னார். அதுதானே எங்களுக்கு இருந்த தொந்தரவு.

வெள்ளிக்கிழமை நீக்கிலாஸைக் கூப்பிட்டாள். "நான் ஒண்டு சாப்பிட்டு உனக்கு ஏதும் நடந்தால் என்னடா செய்யிறது?" என்று கேட்டாள். அவன் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே எனக்கே கேட்டது.

"சாப்பிடக்கா. பேர் மாறிப் பிடிச்சவங்கள், பிறகு விட்டவங்கள். அந்தோனியாருக்கு இதில ஒரு வேலையுமில்லை."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்டே ஒண்டு" என்றாள். "அதுவும் அந்த மனுசிக்கு முன்னால மட்டும்." என் வாதம் வென்றுவிட்டது. வென்ற சந்தோசம் எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை நீக்கிலாஸ் காரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனான். நான் மொழிபெயர்ப்புக்கு. நான் செக்யூரிட்டி வேலை செய்கிறவன். எத்தனை மணிக்கு எந்தக் கதவு பூட்டியிருந்தது என்று கொப்பியில் எழுதுகிற அளவுக்கு என்னிடம் ஆங்கிலம் உண்டு.

இலோனாவுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை மேலங்கி, கழுத்தில் நூல் கட்டிய கண்ணாடி. சிரிப்பு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. பின் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் எங்களை இருத்தினாள். நீக்கிலாஸ் கதவடியில் நின்று, கடையில் இலவசமாக வைத்திருந்த சொக்லேட்டில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டிருந்தான். இலோனா எங்கள் பெட்டியைத் திறந்து ஓர் உருண்டையைக் கத்தியால் இரண்டாக வெட்டினாள். உள்ளே பார்த்தாள். மணந்தாள். தின்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு இன்னொன்றைத் தட்டில் வைத்து வேரோனிக்காவின் பக்கம் தள்ளினாள்.

"இனி அவள் சாப்பிட்டுவிட்டுச் சொல்லட்டும்" என்றாள் ஆங்கிலத்தில்.

வேரோனிக்கா சிலுவை அடையாளம் போட்டாள். தன் கடையில் சொக்லேட்டுக்கு முன்னால் ஒருத்தி சிலுவை போடுவதை இலோனா விரும்பினாளோ தெரியாது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வேரோனிக்கா உருண்டையை எடுத்தாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள்.

"வேண்டாம் அக்கா."

நீக்கிலாஸ்தான். அந்தக் குரலை நான் அவனிடம் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"நேற்று நீதானேடா சிரிச்சனி?"

"சிரிச்சனான். கீழ வை அக்கா."

அவள் கீழே வைக்கவில்லை, வாயிலும் போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்ததைக் கையில் துப்பினான். எங்கே போடுவதென்று தெரியாமல் கையைப் பொத்திக்கொண்டான்.

"பேர் மாறிப் பிடிச்சவங்கள் எண்டு உனக்குச் சொன்னனான் என்ன? அண்டைக்கு ஒருத்தன் கதவைத் திறந்து நீக்கிலாஸ் எண்டு கூப்பிட்டவன். நாங்கள் ரெண்டு பேர் எழும்பினனாங்கள். ரெண்டு பேருக்கும் ஒரே பேர். கதவுக்குக் கிட்ட நிண்டது மற்றவன். வந்தவன் அவனைத் தள்ளிப்போட்டு என்ர கையைப் பிடிச்சு வெளியால விட்டவன். ஏன் என்னை விட்டவன் எண்டு நானும் ஏழு வருசமா யோசிக்கிறன். உன்ர கண்டோஸைத் தவிர வேற ஒரு காரணமும் எனக்குக் கிடைக்கேல்லை."

வேரோனிக்கா உருண்டையைத் தட்டில் வைத்தாள்.

"அவன் என்ன சொல்கிறான்?" என்று இலோனா என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஓர் அறை. ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் எழும்பினார்கள். ஓர் ஆள் வெளியே வந்தான். இவள் சொக்லேட்டை விட்டுவிட்டாள்.

இலோனா கத்தியைத் தள்ளி வைத்தாள். "மற்றவன்?" என்றாள்.

நான் நீக்கிலாஸைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

வேரோனிக்காவின் தட்டில் இருந்ததை இலோனா எடுத்துத் தானே தின்றாள். "கிறீம் சூடு கூடிவிட்டது" என்றாள். "உருட்டியது நன்றாயிருக்கிறது. ருசி பார்க்காத ஆளைப் பானைக்கு நான் எடுக்க முடியாது. மன்னிக்க வேண்டும்."

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். வேரோனிக்காவுக்கு அது விளங்கிவிட்டிருந்தது. பெட்டியை மூடினாள். கவலைப்பட்டவளாகத் தெரியவில்லை. தம்பியின் பொத்திய கையைப் பிரித்து, கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கதவடிக்குப் போனபோது இலோனா கூப்பிட்டாள்.

"பெட்டியில் அடுக்குகிற வேலை ஒன்று இருக்கிறது. சம்பளம் குறைவு. போன இரண்டு பெண்களும் அடுக்கியதைவிடத் தின்றதுதான் கூட." கண்ணாடியைக் கழற்றினாள். "இவள் தின்னமாட்டாள் என்பது நிச்சயம்தானே?"

ஏழு வருடமாக நிச்சயம் என்றேன்.

திரும்பி வரும்போது காரில் எனக்கு நீக்கிலாஸ் மேல் இத்தனை வருடமாக இருந்த எரிச்சலைத் தேடிப் பார்த்தேன், காணவில்லை. அவனுடைய தோளில் கை வைக்க வேண்டும் போல் இருந்தது. பின் சீட்டிலிருந்து எட்டி வைத்தேன்.

டொன் வலி நெடுஞ்சாலையைத் தாண்டிய பிறகு வேரோனிக்கா கேட்டாள். "அந்தப் பெடியனுக்கு அக்கா இருந்தவவோ?"

"ஓம். என்ர அக்கா இப்ப எனக்காக மடுமாதாவுக்கு நேர்ந்திருப்பா எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன்."

"எதை விட்டு நேர்ந்தவவாம்?"

"அவனுக்கெப்பிடியக்கா தெரியும்? அவன் உள்ளயெல்லோ இருந்தவன்."

திங்கட்கிழமை காலை, புது வேலைக்கு வெளிக்கிடுமுன் வேரோனிக்கா தேத்தண்ணி போட்டாள். எனக்கு மூன்று கரண்டி சீனி. தன் கோப்பைக்குப் போடவில்லை. அவசரத்தில் மறந்துவிட்டாளாக்கும் என்று சீனிப் போத்தலை நகர்த்தி வைத்தேன். அவள் அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

எனக்குக் கோபம் வந்தது. "உன்ர தம்பி வந்து ஏழு வருசமாச்சு" என்றேன்.

"மற்ற நீக்கிலாஸ் இன்னும் வரேல்லைத்தானே" என்றாள்.