படத்தின் மூலையில் ஒரு விரல்

ராஜபாளையத்தில் ஒரு பல் டாக்டரிடம் பதினோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். பெயர் சமுத்திரம். எக்ஸ்ரே எடுப்பதில் என்னை அடிக்க ஆளில்லை என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வாயில் ஃபிலிமை வைத்தால் குமட்டும், துப்பிவிடும். நான் கையை உள்ளே விட்டு, கட்டைவிரல் ஃபிலிமுக்குப் பின்னால், ஆள்காட்டி விரல் முன்னால் என்று ஓரத்தைப் பிடித்துக்கொள்வேன். படம் பளிச்சென்று விழும்.

93இல், பல்லுக்குக் கம்பி கட்டுவதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாரம் இரண்டு நாள் பரிபூரணம் டாக்டர் வர ஆரம்பித்தார். பெண் டாக்டர், வயதில் சின்னவர். தொட்டதற்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லமாட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் ஆயிஷா பீவி தன் மகள் மெகராஜைக் கூட்டிவந்தாள்; போன வருஷமும் எங்களிடம் வந்த பிள்ளைதான். பன்னிரண்டு வயதாகியும் பிள்ளைக்கு மேலே ஒரு கோரைப்பல் முளைக்கவில்லை.

“நாலு எக்ஸ்ரே எடுத்து நல்லா பாத்துருங்கம்மா,” என்றாள் ஆயிஷா பீவி.

“போன வருசம் எடுத்தது இருக்கும்லா, மொதல்ல அதப் பாப்போம்,” என்ற டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, செத்த தேடிப் பாருங்க.”

எனக்கு எரிச்சல். எடுக்க ஒரு நிமிஷம், தேட அரை நாள். பழைய படங்களை உறையில் தேதி எழுதி பிஸ்கட் டப்பாக்களில் போட்டுவைத்திருந்தேன். அம்புட்டு டப்பாவையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

மெகராஜின் படத்தை டாக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். எலும்புக்குள்ளே சாய்ந்து படுத்திருந்தது அந்தப் பல். ஆயிஷா பீவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரின் கண் படத்தின் மூலைக்குப் போயிற்று. “இது யாரு விரலு?”

“என் விரலுதான் டாக்டரம்மா. எல்லாப் படத்துலயும் இருக்கும்,” என்றேன் பெருமையாக.

“கையக் காட்டுங்க.”

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஆள்காட்டி விரலில் நகம் பிளந்து, எட்டு மாதமாக ஆறாத புண். படம் கழுவுகிற மருந்துத் தண்ணீர் பட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். விரலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை.

டாக்டர் விடவில்லை. புண்ணைப் பார்த்தவர் மெதுவாகச் சொன்னார்: “எக்ஸ்ரே பட்டுப் பட்டு வந்த மாதிரி இருக்கு அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு என்னைக்கோ ஒண்ணு. ஒங்களுக்குத் தெனமும்.”

நான் விரலை மடக்கிக்கொண்டேன். “எலும்புக்குப் போயிருச்சான்னு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துருவோமா?”

“இன்னொண்ணா? பதினோரு வருசமா எடுத்து வச்சிருக்கீயளே.”

டப்பாக்களைத் திறந்தோம். வருஷத்துக்கு ஒன்றாக வரிசையில் மாட்டினார். 82, 83, 84 என்று போனது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிள்ளையின் பல், மூலையில் அதே விரல். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. ஊர்ப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறேன் என்று நினைத்து, என்னைத்தான் வருஷம் தவறாமல் எடுத்து வைத்திருக்கிறேன். படங்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

டாக்டர் கடைசிப் படத்தை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“எலும்பு முழுசாத்தான் தெரியுது. தோலத்தான் காட்டணும். நாளைக்கே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போறீய.”

பிறகு, பல் நகர்ந்திருக்கிறதா என்று தெரிய மெகராஜுக்கு ஒரே ஒரு படம் வேண்டும் என்றார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அவர் ஒரு தக்கையில் பிளவு போட்டு ஃபிலிமைச் செருகி, பிள்ளையையே கடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் மேல் கதிர் படாமல் தடுக்கும் ஈயத் துணியைப் போர்த்திவிட்டு, எல்லாரும் கதவுக்கு வெளியே நின்றோம். மெகராஜ் அசையவே இல்லை. நான் பிடிக்காமல் எந்தப் பிள்ளையும் சும்மா இருக்காது என்று பதினோரு வருஷம் நம்பியிருந்தேன்.

டாக்டரே படத்தைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் பிடித்தார். பல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஆயிஷா பீவி பல்லைப் பார்த்தாள். நான் மூலையைப் பார்த்தேன்.

அங்கே நான் இல்லை.