செருப்பு ஸ்டாண்டு மணிவேல் வீட்டு நாய்க்குட்டி

"நாய் செருப்பே போடறதில்லையே, அப்புறம் ஏம்ப்பா அதைக் கோயிலுக்குள்ள விடமாட்டேங்கறாங்க?"

தென்றல் இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. கேட்ட இடம், ராஜகோபுரத்துக்கு எதிர்ச்சாரியில் அவள் அப்பா மணிவேல் நடத்தும் செருப்பு ஸ்டாண்டு. வரிசையில் நின்ற அத்தனை பேரும் மணிவேலின் வாயையே பார்த்தார்கள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்ட பெரியவர் ஒருவர், பதில் தெரியாமல் மற்றதைக் கழற்றுவதில்லை என்பதுபோல் ஒற்றைக்காலில் நின்றார். மணிவேல், "டோக்கன் வாங்கிக்கினு நகருங்க, நகருங்க" என்றார். பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் அவர் வைத்திருந்த பதில் அதுதான்.

மூன்று வருஷம் கழித்து அவள், "நாய்க்குட்டி வளக்கலாமாப்பா?" என்று கேட்டாள். டோக்கன் பதில் இந்த முறை செல்லுபடியாகவில்லை. எட்டு நாள் அழுகைக்குப் பிறகு, ஊருக்கு வெளியே இருக்கும் பிராணிகள் காப்பகத்துக்கு அப்பாவும் மகளும் போய் நின்றார்கள்.

அங்கே கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு குட்டி தன் வாலையே துரத்திக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் கிடந்து மீட்கப்பட்ட குட்டி. நிறமும் வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறம். அதனால் பெயரும், வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சான மல்லாட்டை என்றே ஆகிவிட்டது.

"நல்ல குட்டிதான் அண்ணா," என்றாள் அங்கே பொறுப்பில் இருந்த கீதாஞ்சலி. நல்ல குட்டி 'தான்' என்று அவள் இழுத்ததிலேயே பின்னால் ஏதோ வருகிறது என்று மணிவேலுக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு வீட்டுக்குக் குடுத்தோம். ரெண்டு வீட்டுலயும் திருப்பிக் கொண்டாந்து உட்டுட்டாங்க. முதல் வீட்டுல சோபாவைக் கிழிச்சுடுச்சு. ரெண்டாவது வீட்டுல வீட்டுக்காரரோட வேட்டி."

"கொடியில காயப் போட்டதா?"

"இடுப்புல இருந்தது."

தென்றல் சிரித்துவிட்டாள். கீதாஞ்சலி சிரிக்கவில்லை. "மூணாவது தடவையும் திரும்பி வந்தா, இனிமே இதை எந்த வீட்டுக்கும் குடுக்கறதில்லைன்னு எங்க காப்பகத்து டாக்டர் சொல்லிட்டாரு. காலம்பூரா இந்தக் கம்பிக்குள்ளதான். அதனால நான் வீட்டை நல்லாப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து போடுவேன். ஞாயித்துக்கிழமை காலையில குட்டியோடயே வரேன். ஒரு மணி நேரம் உட்டுப் பார்ப்போம். முட்டி உயரத்துக்குக் கீழ கடிக்கிற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அதுக்கு ரொம்பப் பிடிச்சது இன்னாம்மா?" என்று கேட்டார் மணிவேல்.

"செருப்பு. முழு ஜோடியையும் தொடாது. ஜோடியில ஒண்ணைத்தான் எடுக்கும்."

மணிவேலுக்கு அந்த இடத்திலேயே வியர்த்துவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாக ஸ்டாண்டு நடத்துகிறவர் அவர். பௌர்ணமிக் கூட்டம், தீபக் கூட்டம் எல்லாம் பார்த்தவர். இதுவரை ஒரு செருப்பு தொலைந்ததில்லை, மாறியதில்லை. கோயிலுக்குள் போகிறவன் மனசு சாமியிடம் இருக்க வேண்டுமே தவிர செருப்பிடம் இருக்கக் கூடாது. அந்தச் சின்ன நிம்மதியைக் கொடுப்பதே தன் பூஜை என்று அவர் நம்பினார். ஆனால் சிலபேர் செருப்பை விட்டுவிட்டு, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மலையைச் சுற்றிக் கிரிவலம் போவார்கள். பதினாலு கிலோமீட்டர் நடந்து, கால் மரத்து, செருப்பு என்று ஒன்று இருந்ததையே மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுவார்கள். அந்தச் செருப்புகளை மணிவேல் தூக்கிப் போடுவதில்லை. டோக்கனோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஆள் வந்தால் கொடுக்க வேண்டுமே!

ஒரே ஒருவர் வந்திருக்கிறார். ஒன்றரை வருஷம் கழித்து வந்து, செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒரு பாலிஷ் போட்டு வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மணிவேலுக்கு அதுவே போதுமாக இருந்தது. வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டதல்லவா?

இப்படிச் சேர்ந்தது வேங்கிக்காலில் இருக்கும் அவர் வீட்டில் நாற்பத்தேழு ஜோடி. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், தையல் மிஷினுக்குக் கீழே.

"வீட்டுல இருக்கறது மூணு பேரு, ஆறு காலு. மரவட்டை குடியிருக்கிற வீட்டுல கூட இவ்ளோ செருப்பு இருக்காது," என்பாள் அவர் மனைவி சரோஜா.

குட்டி வருகிறது என்றதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா! இந்தச் சாக்குல எல்லாத்தையும் கொண்டுபோய்ப் போட்டுடுங்க."

"ஊரான் செருப்புடி. எப்படிப் போடறது?"

"அப்போ குட்டி வேணாமா?" என்றாள் தென்றல்.

மணிவேல் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மேலே விட்டத்தைப் பார்த்தார். முட்டிக்குக் கீழேதானே இருக்கக் கூடாது என்றாள் அந்தப் பெண்?

சனிக்கிழமை சரோஜாவின் தம்பி கோபி வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆளும் ஷேர் ஆட்டோ போலவே அகலம். கூடத்தின் குறுக்கே மூன்று கயிறு கட்டி, நாற்பத்தேழு ஜோடியையும் இருவருமாகத் தொங்கவிட்டார்கள். பரணில் ஏற்கெனவே பண்டிகைப் பாத்திரம் அடைந்து கிடந்ததால் வேறு வழியில்லை. வேலை முடிந்ததும் வீடு திருவிழாத் தோரணம் கட்டினாற்போல் ஆகிவிட்டது. மாவிலைக்குப் பதில் செருப்பு.

"கீழ இன்னா இருக்குன்னு யாராவது குட்டி மாதிரி தவழ்ந்து பார்க்கணுமாம். கீதாஞ்சலி அக்கா சொன்னாங்க," என்றாள் தென்றல்.

எல்லோரும் கோபியைப் பார்த்தார்கள்.

"நானா? இன்னா மாமா, நான் மூணு சக்கர வண்டி ஓட்டறவன். என்னை நாலு கால்ல நடக்கச் சொல்றியே."

"மாமா, ப்ளீஸ் மாமா," என்றாள் தென்றல்.

கோபி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். முதலில் வெட்கமாகத்தான் தவழ்ந்தான். பத்து நிமிஷத்தில் அவனுக்கே ஒரு உற்சாகம் வந்துவிட்டது. மோப்பம் பிடித்தான். கதவு இடுக்கில் இருந்து டிவி ரிமோட்டின் மூடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்து போன வருஷத்துப் பொரி உருண்டை, மிஷினுக்கு அடியில் இருந்து சரோஜா காணாமல் போனதாக அழுத கொலுசு என்று ஒவ்வொன்றாய் வெளியே தள்ளினான். சரோஜா கொலுசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நாய்க்குட்டி வர்றதுக்கு முன்னாடியே எவ்ளோ அதிர்ஷ்டம் பாருங்க!" என்றாள். கடைசியாகக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தவன் அங்கேயே சிக்கிக்கொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கால் பிடித்து இழுத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மோர் வாங்கக் கிண்ணத்தோடு வந்தாள் அடுத்த வீட்டு ஜோதியம்மாள். இழுத்த வேகத்தில் வெளியே வந்து தரையில் உருண்ட கோபியைப் பார்த்தாள். மேலே தொங்கிய செருப்புகளைப் பார்த்தாள்.

"சரோஜா, உன் தம்பிக்கு இன்னாம்மா வேண்டுதல்? அங்கப்பிரதட்சணமா? இந்த வயசுல இவ்ளோ பக்தியா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரும் வாயைத் திறப்பதற்குள் முந்தானை முடிச்சில் இருந்த விபூதியை எடுத்து, கோபியின் நெற்றியில் பூசிவிட்டாள். "சீக்கிரம் கல்யாணம் ஆகும்பா."

"ஆவட்டும் பாட்டி," என்றான் கோபி, தும்மிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கீதாஞ்சலி வந்தாள். கையில் ஒரு படிவம், கக்கத்தில் மல்லாட்டை. வாசலில் நுழைந்ததும் ஒரு ஹவாய் செருப்பு அவள் நெற்றியில் இடித்தது. குனிந்தாள். அடுத்தது காதில் இடித்தது.

"இது இன்னா அண்ணா இதெல்லாம்?"

மணிவேல் விவரம் சொன்னார். அவள் வாய் பிளந்து கேட்டுவிட்டு மெதுவாகத் தலையாட்டினாள். "தப்பா நினைக்காதீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா நாற்பத்தேழு ஜோடி செருப்பு இருக்கிற வீட்டுக்கு இந்தக் குட்டியைக் குடுக்கறது, பூனைக்கிட்ட பால் சட்டியைக் குடுத்துட்டுப் போற மாதிரி. நாலே நாள்ல திருப்பிக் கொண்டாந்துடுவீங்க. அப்புறம் இதோட கதை முடிஞ்சுடும்."

தென்றல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "ஒரு மணி நேரம் உட்டுப் பார்க்கலாம்னு சொன்னீங்களே அக்கா."

சொன்ன சொல் சொன்ன சொல்தானே? கீதாஞ்சலி குட்டியைக் கீழே விட்டாள்.

மல்லாட்டை கூடத்தைப் பதினோரு சுற்று சுற்றியது. கோபி எண்ணினான். பன்னிரண்டாவது சுற்றில் அண்ணாந்து பார்த்தது. அதன் பிறகு நடந்ததை யாரும் சரியாகச் சொல்ல முடியாது. கட்டிலில் ஏறியது தெரிந்தது. கட்டிலில் இருந்து தையல் மிஷினுக்குத் தாவியது தெரிந்தது. அங்கிருந்து தாவியபோது குட்டி தெரியவில்லை, வால் மட்டும்தான் தெரிந்தது. ஒரு கயிறு அறுந்தது. அது அடுத்த கயிற்றையும், அது மூன்றாவதையும் இழுத்தது. நாற்பத்தேழு ஜோடியும் மழைபோல் கொட்டின. சரோஜா முறத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டாள். கோபி முதல் நாள் பழக்கத்தில் தானாகவே நாலு காலில் இறங்கிவிட்டான். மல்லாட்டை அவன் முதுகில் ஏறிக் குதித்து, ஒரு இடதுகால் செருப்பைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டது.

செருப்பு மழை நின்றதும் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மணிவேல் குனிந்து பார்த்தார். இருநூற்றுப் பதினாலாம் நம்பர். பழுப்புத் தோல் செருப்பு, ஆறு வருஷத்துக்கு முந்தைய தீபத்தன்று விட்டுப் போனது. குதிகால் பாதி போயிருந்தது.

இருபத்திரண்டு வருஷம்! அவருக்குக் கோபம் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. கை தானாகவே ஓங்கிக்கொண்டது. அந்தக் கையைப் பார்த்ததும் குட்டி கடிப்பதை நிறுத்தியது. வாலைக் காலுக்குள் சுருட்டி, காதை ஒட்டவைத்து, சுவர் மூலையில் பின்வாங்கியது. அடுத்து என்ன வரும் என்று குட்டிக்குப் பழைய வீடுகளிலேயே தெரிந்திருந்தது. செருப்பை மட்டும் விடவில்லை.

கீதாஞ்சலி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த படிவத்தின் கடைசிக் கேள்வி, உங்களுக்கு முக்கியமான பொருளைக் குட்டி கடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்பது. அதை வாசிக்க அவசியமில்லாமல் போயிற்று.

ஓங்கிய கையை எங்கே கொண்டுபோவது என்று மணிவேலுக்குத் தெரியவில்லை. அது அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. பழக்க தோஷம், பையில் இருந்ததை எடுத்தது. மஞ்சள் நிற பிளாஸ்டிக் டோக்கன். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, குட்டிக்கு முன்னால் அதை நீட்டினார்.

"பயப்படாத. டோக்கனை வாங்கிக்கோ, செருப்பைக் குடு. கூட்டம் சேர்க்காம நகரு, சாமி," என்றார், ராஜகோபுரத்துக்கு எதிரில் யாத்ரீகரிடம் பேசுகிற அதே குரலில்.

மல்லாட்டை தலையைச் சாய்த்தது. டோக்கனை முகர்ந்தது. பிறகு செருப்பைத் தரையில் வைத்துவிட்டு, டோக்கனைக் கவ்விக்கொண்டு, வந்த வேலை முடிந்த பக்தனைப்போல் நிதானமாக வெளியே வந்தது.

"ப்பா! வரிசையில போவுது!" என்று கூவினாள் தென்றல்.

கீதாஞ்சலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணா, நாங்க ஆறு மாசம் கிளாஸ் போய்க் கத்துக்கறதே இதைத்தான். வாயிலேருந்து பிடுங்கக் கூடாது, ஒண்ணைக் குடுத்து ஒண்ணை வாங்கணும்னு. நீங்க எங்க கத்துக்கினீங்க?"

"எனக்கு வேலையே அதுதானேம்மா," என்றார் மணிவேல், கூச்சத்துடன்.

அவள் படிவத்தைத் தையல் மிஷின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தென்றல் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு கோபியை, பிறகு சத்தம் கேட்டு வந்த ஜோதியம்மாளை. "அந்த டோக்கனை அதுகிட்டேருந்து யாரு வாங்கறது?" என்று சரோஜா கேட்டபோதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. அதற்கு முக்கால் மணி நேரமும் இரண்டு பொறை பிஸ்கட்டும் ஆயின.

மத்தியானம் சரோஜாவும் தென்றலும் கோபியின் ஆட்டோவில் குட்டிக்குக் கிண்ணமும் கழுத்துப் பட்டையும் வாங்கக் கடைவீதிக்குப் போனார்கள். போகும்போது சரோஜா, ஓரமாய்க் கிடந்த இருநூற்றுப் பதினாலைக் காட்டி, "ஆறு வருஷமா வராத ஆளு இனிமேலா வரப்போறாரு? அதை மட்டுமாவது வெளிய போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பாத்திரத்தைக் குட்டி கடிக்காது என்பது மணிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. பரணில் இருந்ததை எல்லாம் இறக்கிவிட்டு, ஜோடி ஜோடியாகச் செருப்பை மேலே ஏற்றினார். நாற்பத்தாறு ஏறியாயிற்று. கடிபட்டதைக் கையில் எடுத்துப் பார்த்தார். சேர்த்துத் தைக்க வழியில்லை.

வராமலும் போகலாம். ஆனால் அந்த மனிதர் அன்றைக்கு, பத்திரமாக இருக்குமா என்று ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் பேர் தெரியாத ஒருவரை நம்புவது லேசான காரியமா?

வாசலுக்குப் போய்த் தன் செருப்பை எடுத்துவந்தார். நாற்பத்தேழு ஜோடி இருந்த அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது ஒரே ஜோடிதான். போன தீபாவளிக்கு எடுத்த தோல் செருப்பு. கடிபடாத வலதுகால் செருப்பின் அடியோடு அதை ஒட்டவைத்துப் பார்த்தார். விரல் நகமளவு கூட வித்தியாசமில்லை. தன் ஜோடியை ஈரத்துணியால் துடைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தேங்காயெண்ணெய் தொட்டுப் பாலிஷ் மாதிரி தேய்த்தார். இருநூற்றுப் பதினாலாம் டோக்கனை அதில் கட்டிப் பரணில் மற்றவற்றின் நடுவே வைத்தார். மல்லாட்டை சாக்கின்மேல் நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஸ்டாண்டு திறக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினார். தார் ரோடு சுட்டது. நல்லவேளை, இந்த ஊரில் வெறுங்காலோடு நடக்கிறவரை யாரும் நிறுத்தி ஏன் என்று கேட்பதில்லை.