டெஸ்டிங்குக்குப் போட்ட நம்பர்

வெப்சைட் வைக்க இலவசமாக இடம், அதாவது ஹோஸ்டிங், தருகிறவர்களிடம் நான் முதலில் படிப்பது, நம்மை எப்போது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள் என்கிற பகுதியைத்தான். எவ்வளவு இடம், எவ்வளவு வேகம் என்று முகப்பில் அள்ளி விடுவதை எல்லாம் கண்டுகொள்வதில்லை. அது வீடு வாடகைக்கு விடுகிறவர் வாசலில் நின்று பேசுகிற பேச்சு. குடிபோன பிறகுதான் குணம் தெரியும்.

ஒருவன் நம் பக்கத்தின் தலைமேல் தன் விளம்பரத்தை ஒட்டுவான். இன்னொருவன் நாலு பேர் அதிகமாக எட்டிப் பார்த்தால் பயந்து கடையைச் சாத்திவிடுவான். ஆள் வராத பக்கத்தைத் தூங்கப் போடுகிறவனும் உண்டு. அதை எழுப்புவதற்குள் வந்த ஆள் சலித்துப்போய்த் திரும்பிவிடுவார். எனக்குப் பிடித்தவன் வேறு ஒருவன். மாதம் ஒரு தடவை நாம் உள்ளே நுழைந்து முகத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் எல்லாவற்றையும் அழித்துவிடுவான். நான் செய்கிற வெப்சைட்டுகளுக்கு ஆயுளே ஒரு சீசன்தான். தீர்த்துக்கட்டுகிற வேலையை அவனே பார்த்துக்கொண்டால் எனக்கு ஒரு வேலை மிச்சம்.

குளிர் ஆரம்பித்தால் ஜனங்கள் 'ஹீட்டர் ரிப்பேர்' என்று தேடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் 'கூரை ஒழுகுது' என்று தேடுவார்கள். அப்படித் தேடும்போது முதலில் கண்ணில் படுகிற மாதிரி ஊருக்கு ஒரு பக்கம் செய்து நிறுத்த வேண்டும். பார்க்கிறவர்கள் தங்கள் கஷ்டத்தை எழுதி அனுப்புவார்கள், இல்லை அதில் இருக்கிற நம்பருக்குக் கூப்பிடுவார்கள். அது நான் வேலை செய்துகொடுக்கிற ஏஜென்சிக்குப் போகும். ஏஜென்சி அதை மெக்கானிக்குகளுக்கு விற்கும். சீசன் போனால் பக்கமும் போச்சு.

ஏஜென்சியில் எனக்கு வேலை தருகிறவரை நான் பார்த்ததில்லை. குரல்கூடத் தெரியாது. எந்தச் செய்தியையும் 'அர்ஜென்ட்' என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் என் போனில் அவர் பெயரே அர்ஜென்ட். ஒரு நாளில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவர்தான், அதுவும் எழுத்தில். என் அறை மூன்றாவது மாடியில். மேஜை, கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் கழிவுக் குழாய்கள். சாயங்காலம் கீழே கடைக்குப் போய்ப் பால் கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறக்கிறேன் என்று உறைக்கும்.

இதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம், எனக்குப் பிடிக்காது. தவிர, எங்கள் குடும்பத்தில் பரிதாபத்துக்குரிய ஆள் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தது என்னை இல்லை, அப்பாவை.

அப்பா நான் பிறந்த ஊரில் தனியாக இருக்கிறார். சோப்புக் கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். அம்மா இருந்தவரை வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள். அவள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போன் செய்வேன்.

“சாப்பிட்டியாம்மா?”

“சாப்பிட்டேன்ப்பா. நீங்க?”

“ஆச்சு. வேற?”

“வேற ஒண்ணுமில்லப்பா.”

“சரி, வெச்சிடறேன்.”

வைத்த பிறகு, பாவம், அந்த வீட்டில் நாள் முழுக்க என்ன செய்வாரோ என்று கொஞ்ச நேரம் வருத்தப்படுவேன். வருத்தம் முடிந்ததும் வேலையைப் பார்ப்பேன்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வாரநாளில் அவரே கூப்பிட்டார். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எடுத்தேன். அவராகக் கூப்பிட்டால் அது கெட்ட செய்தியாகத்தான் இருக்கும்.

“பாப்பா, இந்த போன் கெட்டுப்போச்சு போலிருக்கு. வேற வாங்கணுமா?”

“அதுலதானேப்பா இப்ப பேசிட்டிருக்கீங்க?”

“பேசுது. அடிக்கத்தான் மாட்டேங்குது.”

“ஞாயித்துக்கிழமை நான் கூப்பிட்டப்ப அடிச்சுதே?”

“உன்னோடது அடிக்குது. மத்தவங்களோடது வரல.”

“மத்தவங்கன்னா யாரு?”

ஏதோ வாய் தவறி உளறிவிட்டார் என்று மட்டும் புரிந்தது.

“அது… ஹீட்டர்காரங்க,” என்றார்.

மெல்ல மெல்லத்தான் வந்தது விஷயம். குளிர் ஆரம்பித்ததும் ஒரு அம்மாள் கூப்பிட்டு, ஹீட்டர் ஓடவில்லை, எப்போது வருவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ராங் நம்பர் என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் ஒருவர். அப்புறம் தினமும். எங்கே கிடைத்தது இந்த நம்பர் என்று கேட்டால் எல்லாரும் 'நெட்டுல இருக்கே' என்றார்களாம். போன் கம்பெனியில் எதையோ மாற்றிப் போட்டுக் குழப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் இவர்.

“கம்பெனிக்குச் சொல்லியிருக்கலாமேப்பா?”

“சொன்னா சரி பண்ணிடுவானே.”

நம்பரைப் போட்டது நான். பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க, ஏஜென்சி நம்பர் வரும்வரை ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு வைப்போம். எல்லாரும் ஒன்பது ஒன்பதாக அடிப்பார்கள். நான் அப்பா நம்பரை அடிப்பேன். பார்க்காமல் எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். பிறகு மறக்காமல் எல்லா ஊர்ப் பக்கத்திலும் மாற்றிவிட்டேன், எங்கள் ஊரைத் தவிர. அந்த ஊருக்கு அந்த நம்பர் அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் என் கண்ணில் உறுத்தவே இல்லை போல.

“கூப்பிட்டவங்ககிட்ட என்னதான் சொன்னீங்க?”

“பிளக்கைப் புடுங்கிட்டு மறுபடி சொருகிப் பாருங்கன்னேன். சில பேருக்கு ஓடிடுச்சு. ஓடாதவங்களுக்கு நம்ம எலெக்ட்ரீஷியன் நம்பரைக் குடுத்தேன். அப்புறம் அவங்களா பேசுவாங்க.”

“என்ன பேசுவாங்க?”

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஒரு டீச்சரின் மகன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனானாம். பாஸானதும் அதைச் சொல்ல டீச்சர் மறுபடி கூப்பிட்டாளாம். ஒரு கிழவர் ஹீட்டரை விட்டுவிட்டு மருமகளைப் பற்றியே புலம்பினாராம். லாரி டிரைவர் ஒருவர் சாப்பிட்டீர்களா என்று கேட்காமல் வைப்பதே இல்லையாம். என் அப்பா இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. முன்பின் தெரியாத லாரிக்காரர்மேல் கோபம்கூட வந்தது.

“அப்பா, அந்த நம்பரை நெட்டுல போட்டது நான்தான்.”

“நீயா?” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “அப்ப மறுபடியும் போடேன்.”

போடலாம்தான், ஆனால் பக்கம் இருந்தால்தானே? சீசன் முடிந்தது என்று முகம் காட்டுவதை நிறுத்திவிட்டேன். போய்ப் பார்த்தால், அப்படி ஒரு வெப்சைட்டே இல்லை என்றது திரை. எனக்குப் பிடித்தவன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான்.

“ஹீட்டர் இப்ப யாரும் தேட மாட்டாங்கப்பா. வெயில் காலத்துல கெட்டுப்போறதா ஏதாவது வேணும்.”

“ஃபிரிட்ஜ்?”

“அதுல பெரிய கம்பெனிங்கல்லாம் முன்னாடி நிக்கும். நாம பின்னாடி நின்னு எட்டிக்கூடப் பாக்க முடியாது.”

“தண்ணி மோட்டாரு?”

“அது தேடுவாங்க. ஆனா கூப்பிடும்போதே கத்துவாங்க.”

“கத்தறவங்க வேணாம்மா.”

இப்படியே அடுப்பு, மின்விசிறி, டிவி என்று போனது. எந்த மாதத்தில் எது பழுதாகும், அதற்குக் கூப்பிடுகிறவர் எப்படிப் பேசுவார் என்று ஒவ்வொன்றாக அலசினோம். நாங்கள் இரண்டு பேரும் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார்.

“பூட்டு,” என்றார். “சாவியத் தொலைச்சிட்டு வெளிய நிக்கறவன் எங்கயும் போக முடியாது பாரு. கதவு தெறக்கற வரைக்கும் பேசுவான்.”

“யாராவது போயித் தெறந்து விடணுமே? சும்மா பேசிட்டே இருந்தா உங்களை அடிக்க வருவாங்க.”

“பூட்டுக்காரர் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்காரு. அவரை அனுப்பறேன்.”

அன்றைக்கு அர்ஜென்ட் கேட்டிருந்த வேலையை ஓரம் கட்டிவிட்டு ஹோஸ்டிங் தேட உட்கார்ந்தேன். நீண்ட நாள் நிலைக்க வேண்டும் என்று நான் இடம் தேடுவது அதுதான் முதல் தடவை. காசு கட்டித் தனிப் பெயரே வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் புதுப் பெயர் தேடலில் மேலே ஏறிவர மாதக்கணக்காகும். அதுவரை அப்பாவின் போன் மூச்சுவிடாது. இலவசக்காரர்களில் சிலருக்குத் தேடலில் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது. அவர்கள் பெயரை ஒட்டிக்கொண்டு பிறக்கிற பக்கம் சீக்கிரம் கண்ணில் படும், பெரிய மனிதர் வீட்டு மாடியில் குடியிருக்கிற மாதிரி.

விளம்பரம் ஒட்டுகிறவன் வேண்டாம், அடுத்த ஊர்ப் பூட்டுக்காரனை நம் தலையிலேயே உட்கார வைப்பான். தூங்கப் போடுகிறவனும் உதவ மாட்டான். போனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருக்க, வாசலில் நிற்கிற ஆள் பக்கம் எழுந்திருக்கும்வரை காத்திருக்க மாட்டார். கூட்டத்துக்குப் பயப்படுகிறவன் எந்த நிமிடம் சாத்துவான் என்று சொல்ல முடியாது. சுற்றிச் சுற்றி, அழித்துத் தள்ளிய அதே ஆளிடமே வந்து நின்றேன். அவன் நிபந்தனையில் ஒளிவுமறைவு இல்லை. மாதம் ஒரு தடவை முகத்தைக் காட்டு, இடம் தருகிறேன் என்கிறான். என் அப்பா என்னிடம் அந்த அளவுகூடக் கேட்டதில்லை. அதை நினைத்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

பக்கத்தை எழுதினேன். வழக்கமாக ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பித் திணித்து வைப்பேன், படிக்கிற மனிதருக்கு அது குமட்டும். இந்தத் தடவை, சாவி தொலைந்தால் முதலில் எங்கெல்லாம் தேடிப் பார்க்க வேண்டும், கதவை ஏன் முட்டித் தள்ளக் கூடாது என்று நிதானமாக எழுதினேன். கீழே பெரிய எழுத்தில் அப்பாவின் நம்பர். டெஸ்டிங்குக்கு இல்லை.

தேடலில் ஏறும்வரை தினமும் கூப்பிட்டேன்.

“வந்துச்சாப்பா?”

“வரல. இன்னிக்கு எந்த எடத்துல இருக்கு?”

“மூணாவது பக்கம்.”

“நேத்து நாலுல்ல இருந்துச்சு? பரவால்ல, ஏறுது.”

பிறகு சும்மா எதையாவது பேசுவோம். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைச் சொன்னார். எதிர்க் கட்டிடக் குழாயில் புறா கூடு கட்டுவதை நான் சொன்னேன். கடையில் பால் கேட்கும்போது தொண்டை கரகரக்கவில்லை. பக்கம் இப்படியே நிதானமாக ஏறட்டும், அவசரமில்லை என்று ஒரு நாள் நினைத்துவிட்டேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

முதல் பக்கத்துக்கு வந்ததும் போன் வந்துவிட்டது. அப்பாதான் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு பெண், ஆஸ்பத்திரி நர்ஸாம். டியூட்டி முடிந்து வந்து சாவியைக் காணாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாளாம். பூட்டுக்காரர் வந்து சேரும்வரை இவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். கதவு திறந்த சத்தம் தனக்கே கேட்டது என்றார். அவர் குரல் அப்படி ஒரு மிதப்பில் இருந்தது.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். ஒரு ஊரில் இத்தனை பேர் சாவியைத் தொலைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. பூட்டுக்காரர் ஒரு ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டாராம். தினசரிப் பேச்சு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கே போய்விட்டது. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேற, வேற ஒண்ணுமில்ல. இப்போது 'வெச்சிடறேன்' என்பதை இன்னும் சீக்கிரம் சொன்னார்.

மழை தொடங்குகிற சமயம், அடுத்த சீசனுக்கான வேலை வரும் என்று காத்திருந்தேன். வந்தது இரண்டே வரி. 'இனி பக்கங்களை மென்பொருளே எழுதிக்கொள்ளும். இதுவரை செய்ததற்கு நன்றி.' முன்னால் அர்ஜென்ட் என்று போடவில்லை. 'சரி' என்று பதில் அனுப்பினேன். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது? முகமும் தெரியாது, குரலும் தெரியாது.

கம்ப்யூட்டரை மூடினேன். செய்ய ஒன்றுமில்லை. கீழே போனேன், கடை சாத்தியிருந்தது. திரும்ப மாடி ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் அழுகை முட்டியது. யாரிடமாவது இதைச் சொல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். நெடுநேரம் அடித்தபின் எடுத்தார்.

“பூட்டுங்களா? எங்க நிக்கறீங்க?”

“அப்பா, நான்தான்.”

“நீயா! பேரைப் பாக்காம எடுத்துட்டேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை இல்லியே?”

“சும்மாதான்ப்பா. ஒரு விஷயம் சொல்லணும்…”

“இரு இரு, இன்னொரு கால் வருது.” போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். “யாரோ புது நம்பர்மா. மழை வேற பெய்யுது, பாவம், நனைஞ்சிட்டு வெளிய நிக்கறாங்களோ என்னவோ. நீ வீட்டுக்குள்ளதானே இருக்கே?”

“ஆமாப்பா,” என்றேன். “உள்ளதான் இருக்கேன்.”

“அப்ப சரி,” என்று வைத்துவிட்டார்.