அறுபத்தொன்றாம் ஓசை

“அம்மா, இந்தப் பொட்டிக்குள்ள யாரு இருக்கா?”

பழைய சின்தசைசர் கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, நாலு வயது மகள் அவளிடம் கேட்ட கேள்வி அது. “யாரும் இல்லடி, கரண்டுதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, அவள் பிளக்கைச் செருகினாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் யோசிக்கவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் பிழைப்புக்குச் செயற்கைப் பல் செய்கிறவள். கணவனின் தங்கை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சாயங்காலமானால் அண்ணி கருவியில் உட்காருவாள், நாத்தனார் பாடுவாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் சண்டை போடாமல் இரண்டு மணி நேரம் இருப்பதே பெரிய கச்சேரி என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒன்பது பாட்டுகள் ஆகிவிட்டன. அவர்களுடைய முதல் ஆல்பம். கடைசி நாளும் வந்துவிட்டது; அன்று மாலை ஆறு மணிக்குள் வெளியீட்டு நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அடுத்த வாய்ப்பு ஒரு வருஷம் கழித்துத்தான்.

காலை பதினொரு மணிக்கு, லீவு போட்டுவிட்டு, ஆல்பத்தின் உறையில் அச்சாகும் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி வரி நாத்தனார் சொல்லித் தந்தது: ‘இதில் ஒலிக்கும் ஓசைகள் அனைத்தும் நாங்களே உருவாக்கியவை, அல்லது கருவியோடு வந்தவை.’ எதற்கும் சரிபார்த்துவிடலாம் என்று கருவியின் கையேட்டைப் பிரித்தாள். கம்பெனி கொடுத்த ஓசைகளின் பட்டியல் அறுபதோடு முடிந்துவிட்டது.

முதல் பாட்டு நின்றதே அறுபத்தொன்றாம் ஓசைமேல்தான்.

அந்த எண்ணை அழுத்தினால் சின்னத் திரையில் நாலு ஆங்கில எழுத்து வரும்: KODI. முதல்முறை பார்த்தபோதே நாத்தனார் குதித்தாள்: “அண்ணி, கோடி! அதிர்ஷ்டம் பொட்டியோடவே வந்திருக்கு!” கம்பெனிக்காரன் வைக்கிற பெயர்களில் பாதிக்கு அர்த்தம் கிடையாது, இதுவும் அப்படி ஒன்று என்று இருவரும் விட்டுவிட்டார்கள். பாட்டுக்கே ‘கோடி’ என்று பெயர் வைத்தார்கள்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு பல் அச்சிலும் அது யாருடைய வாய் என்று சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டில்லாத அச்சை அவள் தொடுவதே இல்லை. பெட்டிக்குள் யாரோ இருந்திருக்கிறார்கள். குழந்தைக்குத் தோன்றியது தனக்குத் தோன்றவில்லையே என்று நெஞ்சு குறுகுறுத்தது. நாத்தனாரை போனில் கூப்பிட்டாள்.

“சீக்கிரம் சொல்லுங்க அண்ணி, கவுன்டர்ல ஆள் நிக்கிறாங்க.”

“அறுபத்தொண்ணு நம்மளோடது இல்லடி. கம்பெனியோடதும் இல்ல. முன்னாடி வெச்சிருந்தவங்க செஞ்சு, உள்ளயே விட்டுட்டுப் போயிருக்காங்க.”

“பொட்டிய வாங்கினோம்ல? உள்ள இருக்கறதும் நம்மளோடதுதான். வீடு வாங்கினா, செவுத்துல இருக்கற ஆணிக்கெல்லாம் ஆள் தேடுவீங்களா?”

“ஆணின்னா விட்டுடலாம். இது செவுத்துல வரைஞ்ச படம்டி.”

“ஆறு மணி, அண்ணி. ஆறு! இருமல் மருந்து கேக்கறாங்க, வைக்கிறேன்.”

கருவியை அவள் வாங்கிய பழைய சாமான் கடைக்காரருக்கு, அதை விற்ற ஆளை நினைவிருந்தது. “ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இருக்காரு. தினம் இந்த வழியாத்தான் போவாரு. ஏன்மா, ரிப்பேரா?”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

சலவைக்கூடத்தில் ஆள் உயர இயந்திரங்கள் ஆறு சுற்றிக்கொண்டிருந்தன. ஐம்பதை நெருங்கும் ஒருவர் ஈரப் போர்வைகளைத் தள்ளுவண்டியில் இறக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஜன்னலோரம் அழைத்துப் போனார்.

“கோடியா?” அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கோடி இல்லம்மா, கொடி. துணி காயப்போடற கொடி! இங்கிலீஷ் எழுத்துல குறில் நெடில் ஏது?”

அவர் வீட்டு மாடியில் ஒரு கம்பிக் கொடி உண்டாம். ஈரப் போர்வையைச் சட்டென்று உருவினால் கம்பி ஒரு சத்தம் போடுமாம். “அத பொட்டிக்குள்ள கொண்டுவர பதினொரு நாள் ஆச்சு. நாள் பூரா துணி துவைச்சுட்டு, வீட்டுக்கு வந்தும் துணிச் சத்தமான்னு வீட்டுக்காரி தலையில அடிச்சுக்கிட்டா.”

துணிக்கொடியின்மேல் நின்றுகொண்டு கோடி கோடியென்று பாடியிருக்கிறோமே என்று அவள் காது மடல் சூடாயிற்று.

“அழிச்சுட்டு வித்திருக்கலாமே, சார்?”

“காலிப் பொட்டியாக் குடுக்க மனசு வரல. வாங்கறவங்களுக்கு ஆகட்டுமேன்னு விட்டேன்.”

“உங்க பேரப் போட்டுடறோம்.”

“ஐயோ, பேரெல்லாம் வேணாம்மா. இங்க தெரிஞ்சா, ‘அண்ணன் பாட்டுலயும் வெளுத்துக்கட்டறார்’னு வருஷம் பூரா ஓட்டுவானுங்க. ஒரு தடவ கேக்கக் குடுங்க, போதும்.”

ஹெட்போனை நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்தபிறகும் எதற்கோ காத்திருப்பவர்போல நின்றார்.

“நல்லா இருக்கும்மா. பாடற பொண்ணு குரல் கணீர்னு இருக்கு.” ஹெட்போனைத் திருப்பித் தந்தார். “அந்த நடுக்கந்தான் வரல.”

“நடுக்கமா?”

“துணி போனப்புறம் கம்பி தனியா நிக்குமில்ல? அப்ப லேசா நடுங்கும். பதினொரு நாள்ல ஒன்பது நாள் அதுக்குத்தான் போச்சு. பழைய மெஷின், போயிருக்கும். பரவால்ல.”

போகவில்லை. அவள்தான் நறுக்கியிருந்தாள். பழைய கருவியின் கோளாறு என்று நினைத்து, பல்லின் ஓரத்தில் மிஞ்சும் மெழுகைச் சுரண்டுவதுபோல, பாட்டு நெடுக ஒவ்வொரு இடத்திலும் ஓசையின் வாலைச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வீடு சேரும்போது மணி நாலேமுக்கால். நாத்தனாரின் அழைப்பு காத்திருந்தது.

“அனுப்பியாச்சா?”

“இல்ல. கோடி இல்லடி, கொடி. துணி காயப்போடற கொடி.”

மறுமுனையில் வெடித்துக் கிளம்பியது சிரிப்பு. “அதான் எங்கம்மா பாட்ட முதல் தடவ கேட்டப்பவே, மாடில துணி எடுத்தாச்சான்னு கேட்டாங்களா! பாட்டுப் பேர மட்டும் மாத்திடாதீங்க அண்ணி, நான் நீட்டிப் பாடித் தொலைச்சுட்டேன். அந்த ‘நாங்களே’ வரிய எடுத்துடுங்க. அது பொய்யாப் போச்சு. அனுப்பிட்டு போன் பண்ணுங்க.”

வரியை நீக்க ஒரு நிமிஷம் ஆனது. இனி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவள் முதல் பாட்டைத் திறந்தாள். கொடியின் ஓசை பதினேழு இடங்களில் வருகிறது. பதினேழு வால்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இழுத்து ஒட்ட வேண்டும். பெயரைப் போட்டிருந்தால் கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்திருக்கலாம். பெயரை வேண்டாமென்றவருக்குத் திருப்பித் தர அவளிடம் இருந்தது அந்த நடுக்கம் ஒன்றுதான். ‘கடவுளே, நேரத்தை மட்டும் குடு’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தரைக்குப் பதினொரு வால்கள் முடிந்தன. பதினாலாவது தப்பாகி, அதை மட்டும் முதலிலிருந்து செய்ய வேண்டிவந்தது. வீட்டில் யாரும் இல்லை. மகளை அழைத்துவர வீட்டுக்காரர் போயிருந்தார்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பதினேழும் ஒட்டியாயிற்று. பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் ஓடவிட்டாள். நாத்தனாரின் குரல் நின்றது. கம்பி தனியாக நின்றது. பிறகு, காது வைத்துக் கேட்டால் மட்டுமே பிடிபடும் ஒரு நடுக்கம், நாலு விநாடி.

அது முழுதாக அடங்கும்வரை காத்திருந்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.