பொரித்த எண்ணெய் ஊற்றிய மணல்

தொட்டியின் மூடியைத் திறந்ததும் ரமோனா புரோகாஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகின மீனின் நாற்றமும் பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் சேர்ந்து தொண்டைவரை இறங்கிவிட்டன.

உள்ளே இருந்தது வார்ப்பு மணல். அவளும் பக்கத்து வீட்டு கோர்டி வாட்லெட்டும் பங்கு போட்டு வாங்கியது. மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் அலுமினியத்தையும் பித்தளையையும் உருக்கி ஊற்றிப் பொழுதுபோக்குகிறவர்கள் அவர்கள் இருவர்தான். களிமண்ணும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த சிவப்பு மணல். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்கும், விரல் ரேகைகூடப் பதியும். அப்படி அச்சுப் பதித்த பள்ளத்தில்தான் உருகின உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் பட்ட இடம் கருகும். அதைச் சுரண்டி எறிந்துவிட்டு, மீதியைச் சலித்து, கொஞ்சம் களிமண்ணும் அதற்கென்று உள்ள எண்ணெயும் விட்டு மறுபடி பிசைந்தால் வருஷக்கணக்கில் உழைக்கும்.

பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் குளிர்காலம் முழுக்க மணலை கோர்டியிடம் விட்டிருந்தாள். ஏப்ரலில் அவன் தொட்டியைக் கொண்டுவந்து அவள் கராஜில் இறக்கிவிட்டு, அவசர வேலை என்று நழுவிவிட்டான்.

கையை விட்டாள். சளி மாதிரி இழுத்தது. ரொட்டித்தூள் கட்டி கட்டியாக வந்தது. மீன் வால் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டது. மூடாமல் கிடந்தபோது மூலையில் எலி கூடு கட்டியிருந்தது; கண் திறக்காத குஞ்சுகள் எண்ணெயில் ஊறிச் செத்துக் கிடந்தன. ரமோனா வெளியே ஓடிப்போய் பனிக்குவியலில் வாந்தி எடுத்தாள்.

போனில் பிடித்தபோது கோர்டி கொஞ்சமும் அசரவில்லை. மணலுக்கான எண்ணெய் தீர்ந்துபோனதாம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில், இறைச்சி தின்னாத ஊர்க்காரர்களுக்குத் தீயணைப்பு நிலையத்தில் மீன் பொரித்துப் போடுவது அவன்தான். கழித்த எண்ணெயை வீணாக்குவானேன் என்று இதில் கொட்டினானாம்.

"எண்ணெய்னா எண்ணெய்தானே ரமோனா? வாசனையா வேற இருக்கும்" என்று சிரித்தான்.

புதுசு வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தன் கையால் இத்தனை வருஷம் சலித்துப் பிசைந்த மணலைக் குப்பையில் கொட்ட மனம் வரவில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, செத்த குஞ்சுகளைக் கரண்டியால் அள்ளிப் புதைத்தாள். கட்டிகளைப் பொறுக்கி எறிந்தாள். பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயைக் கொல்லையில் அடுப்பின் மேல் வைத்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, எண்ணெய் முழுக்க எரிந்துபோகும்வரை வறுத்தாள். கரும்புகை எழுந்து தெருவை அடைத்தது. தலைமுடியில், சட்டையில், நாக்கில்கூட அந்த மீன் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கம்பக்கத்து நாய்கள் வேலியோரம் வந்து நின்று மோப்பம் பிடித்தன.

கோர்டியின் மனைவி லொரைன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்னடி செத்துப்போச்சு இங்க?"

"உன் புருஷன் ஊத்தின எண்ணெய்தான். மணல்லேர்ந்து எரிச்சு எடுக்கறேன்."

லொரைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதுக்கு எதுக்குடி இந்தப் பாடு? பிப்ரவரியிலயே அவன் ஒரு தொட்டி புது மணல் வாங்கிட்டானே. எங்க வீட்டுக் கீழ்த்தளத்துல, படிக்கு அடியில இருக்கு" என்றாள்.

ரமோனா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு அவளோடு போனாள். கோர்டி கீழ்த்தளத்தில்தான் இருந்தான். படிக்கு அடியில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். மேலே துணி போட்டு மூடி, ஒரு தூசி இல்லாமல் வைத்திருந்தான். அவன் முகம் சிவந்தது. பழைய மணலில் பித்தளை ஊற்றி ஊற்றிக் கருக்கிவிட்டானாம். அதைச் சீராக்க நேரம் பிடிக்கும் என்று புதுசு வாங்கினானாம். பழையது சும்மாதானே கிடக்கிறது என்று மீன் பொரித்த எண்ணெயை விட்டுப் பார்த்தானாம்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றான். "இதுல பாதிய எடுத்துக்கோ. நிஜமாத்தான் சொல்றேன்."

ஒரு பிடி அள்ளிக் கொடுத்தான். ரமோனா அழுத்திப் பார்த்தாள். மெத்தென்று, குறையே இல்லாத மணல். ஆனாலும் உடனே கையை உதறிவிட்டாள்.

"எலிக்குஞ்சைக்கூட அள்ளிப் போட்டுட்டேன் கோர்டி, அதுல அருவருப்பில்ல. நல்லதை ஒளிச்சு வச்சுக்கிட்டு அழுகினத என் வாசல்ல இறக்கிட்டுப் போனியே, அதுதான் குமட்டுது."

லொரைன் புருஷனைப் பார்க்காமல் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வறுத்து முடிக்க அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. ஆறிய மணலில், சூட்டில் ஒட்டும் தன்மை செத்துப்போன களிமண் சாம்பல் மாதிரி பறந்தது. அதைப் புடைத்து நீக்கி, புதுக் களிமண்ணும் சரியான எண்ணெயும் களிமண்ணில் எண்ணெய் பிடிக்க ஒரு மூடி எரிசாராயமும் விட்டு, மணல் பிசையும் உருளையில் போட்டுப் பிசைந்தாள். முன்பிருந்ததில் பாதிதான் மிஞ்சியது. சிவப்பும் திரும்பவில்லை, மங்கின பழுப்பு நிறம். ஆனால் பிடித்தால் நின்றது. கொல்லைக் கதவுக்கு ஒரு கைப்பிடி வார்த்துப் பார்த்தாள். விளிம்பெல்லாம் கூர்மையாக வந்திருந்தது. முகர்ந்தும் பார்த்தாள். வாடை முழுக்கப் போகவில்லை. மணலை விட்டுப் போனாலும் தன் மூக்கை விட்டுப் போகாது என்று தோன்றியது.

கோடையில் கோர்டியின் மணலும் கருகியது. பிசையும் உருளை வேண்டும் என்று வந்து நின்றான். அது அவளுடையது, அவளே செய்தது. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அவன் நிற்கும்போதே கராஜ் கதவை இறக்கினாள்.