ஒட்னி கடைந்த டிரம்கள்

"கடைஞ்சாப் போதுமா ஒட்னி, இல்ல புதுசுதான் மாத்தணுமா?"

போன அக்டோபரில் அண்ணன் இங்வால்ட் இப்படிக் கேட்டபோது, அவன் காரின் பின்சக்கரப் பிரேக் டிரம்கள் இரண்டும் அவள் லேத் பட்டறை மேசைமேல் கிடந்தன. இன்று அவன் வீட்டு வாசலில் குனிந்து, ஊர் வழக்கப்படி அவன் சவப்பெட்டி போகும் வழியில் ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளைப் பரப்பிக்கொண்டிருந்த ஒட்னிக்கு அந்தக் கேள்விதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அன்று அவள் முதலில் சிரித்தாள். "பொறந்ததுலருந்து இந்த ஃப்யோர்டுக் கரையிலதான் கெடக்கிற. உறைபனி ராத்திரியில போய்க் கைப்பிரேக்க இழுத்து வெப்பியாண்ணே?"

"தூக்கக் கலக்கம் ஒட்னி. ஊரெல்லாம் சொல்லிடாத, மானம் போயிரும்."

பனி விழ ஆரம்பித்துவிட்டால் இங்கே யாரும் கைப்பிரேக் இழுப்பதில்லை, கியரில் விட்டு நிறுத்துவார்கள். இழுத்தால், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ அதோடு சேர்ந்து உறைந்துவிடும். இங்வால்ட் காலையில் வண்டியை முறுக்கிக் கிளப்பியிருக்கிறான். ஷூவின் லைனிங் பிய்ந்து, வெறும் இரும்பு டிரம்மின் உட்சுவரை உழுதிருந்தது.

அவள் அளந்து பார்த்தாள். ஒரு டிரம் எவ்வளவுவரை கடையலாம் என்பதை அதன்மேலேயே வார்த்திருப்பார்கள். ஒன்று தேறிவிடும். மற்றதில் கோடு ஆழமாக இருந்தது. அது மறையும்வரை கடைந்தால் ஒரு மயிரிழை எல்லையைத் தாண்டும். சுவர் மெலிந்த டிரம் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிரேக் பிடிக்காமல் போகலாம் என்று அவளுக்குத் தெரியும். புதுசுதான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுப்போரம் படகுத்துறை ஆட்கள் இரண்டு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் பொம்பள கையில ஆகுற காரியமா இங்வால்ட்? பேசாம டவுனுக்கு, பெர்கனுக்கு அனுப்பு," என்றான் ஒருவன். மற்றவன் கோப்பைக்குள் சிரித்தான்.

வகுப்பில் எழுந்து நின்றாலே முகம் சிவந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் ஒட்னி. லேத்தின் முன்னால் நிற்கும்போது மட்டும்தான் அவள் கை நடுங்காது. அதையும் ஒருவன் குறை சொல்லிவிட்டானே என்று காது சுட்டது.

"கடைஞ்சாப் போதும்," என்றாள்.

ஒரே அச்சில் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதால் தேறக்கூடியதையும் சேர்த்து மெலித்தாள். கண்ணாடிபோல் வந்தன. விளிம்பில் தன் அடையாளமாக இரண்டு புள்ளிகள் குத்தினாள். அதன் பிறகு இங்வால்ட் பட்டறைக்கு வந்தபோதெல்லாம் அவளாகக் கேட்காமலேயே சொல்வான்: "வெண்ணெய்ல கத்தி எறங்குற மாதிரி பிடிக்குது ஒட்னி." அவளும் மெல்ல அந்த மயிரிழையை மறந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை வரை.

கோயில் இறக்கத்து வளைவில் அவன் கார் நேராகப் போய் பிர்ச் மரங்களுக்குள் நின்றிருந்தது. உள்ளே ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தான். ஊரில் வேறு பட்டறை இல்லாததால் காரை அவள் இடத்துக்கே இழுத்து வந்து விட்டார்கள். அவள் தார்ப்பாயைப் போட்டு மூடினாள். அந்தப் பக்கமே போகவில்லை.

இன்று பாதி வழிக்குக் கிளைகளைப் பரப்பி முடித்தபோது ஊர்ப் போலீஸ்காரர் ஹால்வர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். கொடிமரத்தடியில் அண்ணி போர்கில்ட், காலையில் அரைக்கம்பத்தில் ஏற்றிய கொடியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போர்கில்ட், டாக்டர் சொல்லிட்டாரு," என்றார் ஹால்வர். "நெஞ்சுதான். வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. ரோட்டுல டயர் தேஞ்ச தடமே இல்ல. பிரேக்க மிதிக்கக்கூட இல்ல பாரு. வலி தெரிஞ்சிருக்காது."

"அப்பாடா," என்றாள் ஒட்னி.

அவள் நினைத்துச் சொல்லவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்தோமோ என்று ஓடிப் போய், அணைத்துத்தான் இருக்கிறது என்று கண்டவள் விடும் மூச்சு அது. ஹால்வர் தொப்பியைத் திருப்பிப் பார்த்தார். போர்கில்டின் கை கயிற்றில் அப்படியே நின்றது. அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அப்போது என்ன இருந்ததோ, ஒட்னி அவசரமாகக் குனிந்து, பரப்பிய கிளைகளையே மறுபடியும் பரப்பினாள்.

அடக்கம் முடிந்து ஜெபக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து கறி சூப் குடித்தார்கள், கேக் வெட்டினார்கள். நினைவு சொல்ல எழுந்தவர்களில் படகுத்துறை ஆளும் ஒருவன். அன்று அடுப்போரம் இருந்தவன்தான்.

"இங்வால்டுக்குத் தங்கச்சின்னா உயிரு. என்னைப் பாக்கும்போதெல்லாம் இதையே சொல்லிக் குத்திக் காட்டுவான். என் தங்கச்சி கடைஞ்ச டிரம் மாதிரி பெர்கன்லகூடக் கெடைக்காதுடா, அன்னிக்கு சிரிச்சீங்கல்லன்னு."

எல்லோரும் மென்மையாகச் சிரித்து ஒட்னியைத் திரும்பிப் பார்த்தார்கள். போர்கில்ட் மட்டும் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்னி சூப் கரண்டியைக் கீழே வைத்தாள். மிதிக்கக்கூட இல்லை என்றார் ஹால்வர். மிதித்தும் பிடிக்காமல் போயிருந்தால்? அந்தப் பயத்தில்தான் நெஞ்சு நின்றது என்றால்? அதற்கும் தடம் இருக்காதே.

கோட்டை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக வெளியேறினாள்.

பட்டறையில் கறுப்பு உடையோடு அப்படியே மண்டியிட்டாள். தார்ப்பாயை விலக்கி, ஜாக்கி வைத்து, இடது பின்சக்கரத்தைக் கழற்றினாள். டிரம்மில் விரிசல் இருக்கும், சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக மனதைத் தயார்செய்துகொண்டாள். இரண்டு தட்டில் டிரம் கழன்று வந்தது.

விரிசல் இல்லை. நீலமும் இல்லை. விளிம்பைத் துணியால் துடைத்தாள். புள்ளிகளும் இல்லை.

இன்னொரு முறை துடைத்தாள். கம்பெனியில் அடித்த கறுப்பு வர்ணம் துணியில் ஒட்டாமல் மினுங்கியது. மறுபக்கம் ஓடி, அந்தச் சக்கரத்தையும் கழற்றினாள். அதுவும் புதுசு. அளவுகோலை வைத்துப் பார்த்தாள். லேத்தின் வாயையே பார்க்காத டிரம்.

நவம்பரில் போர்கில்டின் கண்ணைக் காட்ட பெர்கன் போய், சொன்னதைவிட ஒரு நாள் தாமதமாகத் திரும்பினார்கள். அந்த ஒரு நாளில்தான் மாற்றியிருக்கிறான். வந்த அன்றே இங்வால்ட் பட்டறைக்கு வந்தான். இந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தான். காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே அன்றும் அதைத்தான் சொன்னான். வெண்ணெய் மாதிரி.

அந்த மயிரிழை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஸ்டூலில் அமர்ந்து குளிர்காலம் முழுவதும், அவள் முகம் சிவக்காமல் பார்த்துக்கொண்டான்.

சரளைக்கல்லில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். போர்கில்ட் வாசலில் நின்றிருந்தாள், கையில் துணி மூடிய தட்டு. துணியோரம் கேக்கின் பாலேடு தெரிந்தது.

போர்கில்ட், கழற்றிக் கிடந்த சக்கரங்களைப் பார்த்தாள். ஒட்னியின் மடியிலிருந்த டிரம்மைப் பார்த்தாள். அவள் முகத்தில் வியப்பு என்று ஒன்றும் இல்லை.

"அண்ணி," என்றாள் ஒட்னி. "காலையில நான்..."

வகுப்பில் எழுந்து நின்றபோது ஒட்டிக்கொண்ட அதே நாக்கு.

போர்கில்ட் தட்டை லேத்தின் பக்கத்தில் வைத்தாள். காலடியில் உருண்டு கிடந்த ஒரு சக்கர நட்டைக் குனிந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, தட்டின் அருகில் வைத்தாள். பிறகு கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மேலே அவர்கள் வீட்டுக் கொடி, அடக்கம் முடிந்துவிட்டதால் உச்சிவரை ஏறியிருந்தது. அதைப் பார்த்து அந்தக் கறுப்புக் கோட்டு மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது, காலையில் ஒட்னி பரப்பிய கிளைகளின்மேல், திரும்பாமல்.